வெள்ளையாக எரிந்த பிளக்

இன்று காலை டீக்கடை வாசலில் எவனோ ஒரு பழைய ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஏழெட்டு உதைக்குப் பிறகு அது இருமிக்கொண்டே கிளம்பி, பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்து கருகிய அந்த நீலப் புகையை என் மூஞ்சியில் அடித்துவிட்டுப் போனது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். கடைக்காரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பான், நினைத்துக்கொள்ளட்டும். அந்த வண்டிக்குப் புகை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அது இன்னும் பத்து வருடம் ஓடும். புகையே இல்லாமல் ஓடிய ஒரு வண்டியை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

நீ கண்ணை மூடி நாலு மாதத்துக்கு மேல் ஆகிறது, மாப்ளே. நேற்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே நடந்ததை உனக்குச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போனால் நான் எப்படியாவது நழுவிவிடுவேன், என் குணம் உனக்குத் தெரியாததா? அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தேதான்.

அறுபதுகளின் தொடக்கம். நம் முதலாளிக்கு இரண்டு சினிமாக் கொட்டகைகள். தென்காசியில் இருந்தது வருடம் முழுக்க ஓடும். குற்றாலத்தில் இருந்தது சீசனுக்கு மட்டும் திறக்கும் தகரக் கொட்டகை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு படப்பெட்டியைத்தான் எடுப்பார். தென்காசியில் இரண்டு மணிக்குப் படம் தொடங்கும், குற்றாலத்தில் மூன்று மணிக்கு. அங்கே ஓடி முடிந்த ரீல்களைச் சுற்றி, இரண்டிரண்டாக இங்கே கொண்டுவர வேண்டும். குற்றாலத்துக் கேபினில் ஆபரேட்டர் நான். ரீல் பெட்டியோடு மூன்று மைல் சாலையில் நாள் முழுக்கப் போவதும் வருவதுமாக இருந்தவன் நீ.

அதற்கு முன் பத்து வருடம் நீ தறியில் இருந்தாய். பஞ்சுத் தூசி உன் நெஞ்சுக்கு ஆகவில்லை. இழுப்பு வந்தால் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே பொழுதை விடியவைப்பாய். "தறிப் பக்கம் போனா உயிரோட இருக்க மாட்டே" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் முதலாளியிடம் வந்து நின்றாய். முதலில் சைக்கிள், அப்புறம் ஸ்கூட்டர்; சீசன் இல்லாத மாதங்களில் தென்காசிக் கொட்டகைக்கு வெளிவேலை. வெளிக்காற்றில் வேலை செய்ய ஆரம்பித்த ஆறு மாதத்தில் உன் இழுப்பு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அந்த வேலை உனக்குச் சோறு போட்டது மட்டும் இல்லை, மூச்சு விட வைத்ததும் அதுதான். இது எனக்குத் தெரியாமல் ஒன்றும் இல்லை.

அந்த ஸ்கூட்டர் ஒரு எஸ்டேட் மேனேஜர் விற்றுவிட்டுப் போனது. சின்னச் சக்கரம், வலது பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் இஞ்சின். அந்த இஞ்சினில் எண்ணெய் ஊற்றத் தனி இடம் கிடையாது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து டேங்கில் ஊற்ற வேண்டும். அந்த எண்ணெய்தான் உள்ளே போய் பிஸ்டன் உரசாமல் பார்த்துக்கொள்ளும், வேலை முடிந்ததும் புகையாக வெளியே வரும். தென்காசியில் இருந்த மெக்கானிக்குகள் பஸ், லாரி பார்த்துப் பழகியவர்கள். இந்தச் சின்ன இஞ்சினைப் பார்த்தாலே அவர்களுக்குச் சிரிப்பு. அதனால் நாமே கற்றுக்கொண்டோம். மெஷின் என்றால் என் கை சும்மா இருக்காது, உனக்கோ காது கூர்மை.

காலை எட்டு மணிக்குக் கொட்டகையின் பின்புறம் நம் வேலை தொடங்கும். இஞ்சினுக்குள் பொறி தட்டுகிற பிளக்கின் முனை இடைவெளியை அளக்க நம்மிடம் கருவி கிடையாது. கேபின் தரையில் கிடக்கும் வெட்டுத் துண்டு பிலிம்களை நாலு அடுக்கி, அந்த இடைவெளியில் நுழைப்போம். உரசிக்கொண்டு போனால் சரி. அந்தப் பொறிக்கு மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்புகிற பாயிண்டுக்கு மூன்று துண்டு. கார்புரேட்டரில் பிசின் அடைத்துக்கொண்டால் பிலிம் ஒட்ட வைத்திருக்கும் சிமெண்ட் என்கிற திராவகத்தை விட்டுக் கழுவுவோம். ஒருநாள் கதாநாயகி முகம் இருந்த துண்டு என் கையில் அகப்பட்டது. "பாவம்லே, அந்தப் புள்ள மூஞ்சில கரியப் பூசாதே" என்று சொல்லி, நீ குப்பையைக் கிளறி வில்லன் துண்டு நாலைத் தேடி எடுத்தாய். இத்தனைக்கும் உனக்கு அப்போது கல்யாணம் ஆகி ஒரு வருடம்தான்.

வேகத்தைப் பற்றி நீ கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. சாரலில் நனைந்து நின்றாலும் இரண்டாவது உதையில் கிளம்ப வேண்டும், குளிக்க வந்த கூட்டத்துக்குள் ஊர்ந்து போகும்போது அணையக் கூடாது, அவ்வளவுதான் உனக்கு. ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்புவாய், காதைச் சாய்த்துக் கேட்பாய், திருப்பியதில் பாதியைத் திரும்ப எடுத்துவிடுவாய். நான் அவசரப்படுத்தினால் ஒரே பதில்தான். "நெதம் ஓடணும்லே. ஒரு நாளு பறந்து என்ன செய்ய?"

எண்ணெயும் நீதான் கலப்பாய். அளந்து ஊற்றி, டப்பாவை மூடி, இருபது தடவை குலுக்கி, அதற்குப் பிறகுதான் டேங்கில் விடுவாய். முதல் சீசன் முழுக்க அந்த வண்டி ஒருநாள்கூட வழியில் நிற்கவில்லை.

இரண்டாவது சீசனில்தான் வினை. ஒரு சனிக்கிழமை தென்காசி ஆபரேட்டர் ரீலைச் சுற்றித் தருவதில் பிந்திவிட்டார். நீ வந்து சேர்வதற்குள் என் ரீல் தீர்ந்து, திரை வெறும் வெள்ளையாக நாலு நிமிடம் நின்றது. ஜனம் சும்மா இருக்குமா? விசிலில் தொடங்கி, தகரத்தில் கல் விழுந்து, யாரோ திரையின் ஓரத்தைக் கிழித்தே விட்டார்கள். மறுநாள் முதலாளி நம் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏலே, இன்னொரு நாளு திரை வெள்ளையா நின்னுச்சுன்னா நீ இங்கன வர வேண்டாம். தறிக்கே போயிரு."

நீ மெதுவாகத்தான் பதில் சொன்னாய். "வண்டி நேரத்துக்குத்தான் வருது அண்ணாச்சி. அங்கன ரீல் சுத்திக் குடுக்கதுக்கே நேரமாவுது. இங்கன ஒரு பத்து நிமிசம் பிந்தித் தொடங்குனா..."

"எனக்கே புத்தி சொல்லுதியோ?"

நீ சொன்னதுதான் சரி. பத்து நிமிடம் தள்ளித் தொடங்கியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். நானும் ஆமாம் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் முதலாளி கேட்டிருப்பார், என் பேச்சுக்கு அவரிடம் மதிப்பு இருந்தது. ஆனால் அந்த மதிப்பைக் காட்டிக்கொள்ளும் ஆசை எனக்கு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "விடுங்க அண்ணாச்சி. வண்டியப் பறக்க வைக்கது என் பொறுப்பு."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

என் தொழில் வெளிச்சம், மாப்ளே. புரொஜக்டருக்குள் இரண்டு கார்பன் குச்சிகள் எரியும். அந்த நெருப்பு மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் திரையில் படம் மங்கும், ஆபரேட்டருக்குத் திட்டு விழும். வெள்ளையாக எரிந்தால்தான் அவன் கைகாரன். அந்தப் புத்தியோடுதான் நான் உன் இஞ்சினையும் பார்த்தேன். பிளக்கைக் கழற்றினால் அதன் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்கும். இரண்டு சீசனாக அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு எரிச்சல். இஞ்சின் அழுக்காக எரிகிறது, புகையில் சக்தி வீணாகிறது என்று நினைத்தேன். அந்த பிஸ்கட் நிறம்தான் ஆரோக்கியம் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

நீ வராத நேரம் பார்த்து வேலையைத் தொடங்கினேன். ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி, கார்புரேட்டரில் பெட்ரோல் புகுந்து வருகிற ஜெட்டின் துளையில் சொருகினேன். துளை சிறுத்ததும் பெட்ரோல் குறைந்தது. எண்ணெயையும் பாதிக்குப் பாதி குறைத்தேன். ஓட்டிப் பார்த்துவிட்டு பிளக்கைக் கழற்றினேன். முனை சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மெஷின் மாற்றும் நேரம் தெரிய ரீலின் கடைசியில் அடையாளப் புள்ளி வைப்பது என் பழக்கம் அல்லவா, அதே மாதிரி அந்தப் பிளக்கின் பீங்கானிலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தேன்.

நீ வந்து ஒரே உதையில் கிளப்பினாய். காதைச் சாய்த்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"என்னலே செஞ்சே? சத்தம் காஞ்சு கெடக்கு."

"ஒரு சுத்து போயிட்டு வந்து பேசு."

போய்விட்டு வந்தாய். பன்னிரண்டு நிமிட வழியை எட்டு நிமிடத்தில் வந்திருந்தாய். ஆனாலும் உனக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து சைலென்சர் வாயில் விரலை விட்டுப் பார்த்தாய்.

"புகையே காணோம். புகை வரலேன்னா எண்ண உள்ள போவலேன்னுதானே அர்த்தம்?"

"புகை வந்தா அழுக்கு. கேபினுக்கு வந்து பாரு, கார்பன் வெள்ளையா எரிஞ்சாத்தான் படம்."

"இது படமாலே? வண்டி."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. உன் வேலையைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்கிறேன், நன்றி கெட்டவனே என்று கத்தினேன். என் சட்டையில் இருந்த எண்ணெய்க் கறையைக் காட்டிக்கூடக் கத்தினேன். நீ ஸ்பேனரைத் துடைத்து ஸீட்டுக்கு அடியில் வைத்தாய். "சரி. நீ சொன்னா சரி" என்றாய். அந்த வார்த்தையை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் வண்டி பறந்தது. முதலாளி என் தோளில் தட்டினார்.

மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆடி மாதம், விடாத சாரல். மேற்கேயிருந்து வந்த காற்று ஆளையே பின்னால் தள்ளியது. தென்காசியிலிருந்து வருகிற உனக்கு அது நேர் எதிர்க்காற்று. புதுப் படம் வேறு, கொட்டகைக்குள் கால் வைக்க இடமில்லை. முதல் ஆறு ரீலும் நேரத்துக்கு வந்தன. ஆறாவது ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது மெஷின் ஏழாவதுக்காகத் திறந்தபடி நின்றது.

ரீலில் ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போதே உன் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. கேபின் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினேன். சாலையில் ஈரத் துண்டோடு போகிற ஆட்களும் ஒரு மாட்டு வண்டியும்தான். நாலு நிமிடம். மூன்று. ரீலின் வட்டம் கண்முன்னே சுருங்கிக்கொண்டு வந்தது. மோட்டாரின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். கதாநாயகன் எருமை மாதிரிக் குரலெடுத்துக் கத்த, ஜனம் சிரித்தது. சிரிக்கும் வரைக்கும் நல்லது என்று இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அப்போதுதான் காஞ்சு கெடக்கு என்று நீ சொன்ன சத்தம் என் காதில் கேட்டது. பிலிமின் வால் படபடவென்று அடித்துக்கொண்டு வெளியே வந்தது. திரை வெள்ளையாகிவிட்டது.

பதினாலு நிமிடம். தகரத்தில் விழுந்த ஒவ்வொரு கல்லும் என் மண்டையில் விழுந்த மாதிரி இருந்தது. கேபின் கதவை யாரோ உதைத்தார்கள். தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்பக்க ஏணியில் காலடி கேட்டது. நீ வந்தாய். தலையில் ரீல் பெட்டி. வேட்டி முழங்காலில் கிழிந்து இரத்தம். வழியில் மேலகரம் ஊரைத் தாண்டியதும் இஞ்சின் ஜாம் ஆகி, சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு, உன்னை ரோட்டில் தூக்கி எறிந்திருக்கிறது. பெட்டியில் ஒரு நசுங்கல்கூட இல்லை, அதைக் கட்டிப்பிடித்தபடி விழுந்திருக்கிறாய். அங்கிருந்து அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு, எதிர்க்காற்றில், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறாய்.

உன்னால் பேச முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, காற்றைக் கடித்து இழுத்தாய். உன் உதடு நீலம் பூத்திருந்தது. நான் உன்னைத் தாங்க வந்தபோது கையால் தள்ளிவிட்டாய்.

"மாட்டு... மொதல்ல... ரீல மாட்டு."

மாட்டினேன். படம் ஓடியது. சத்தம் அடங்கியது. முதலாளி மேலே ஏறி வந்தபோது நான் மெஷினில் கை வைத்தபடி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"என்னலே ஆச்சு?"

அந்த ஒரு நொடியில் நான் திரும்பி, "நான்தான் அண்ணாச்சி" என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தேன். எனக்கு முன்னால் உன் குரல் வந்தது, பிய்ந்து பிய்ந்து.

"எண்ண ஊத்த... மறந்துட்டேன் அண்ணாச்சி."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வண்டியை எடுத்துவர நீ தனியாகத்தான் போனாய். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ படத்த ஓட்டு" என்று சொல்லிவிட்டாய். மறுநாள் காலை மெக்கானிக் ஷெட்டில் முதலாளி, நீ, நான். மெக்கானிக் பிஸ்டனை வெளியே எடுத்தார். பக்கமெல்லாம் சிராய்ந்து, உருகி வழிந்த கோடு. டேங்கை முகர்ந்து பார்த்து, எண்ணெய் வாடையே இல்லை என்றார். ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் செம்பு இழை அதில்தான் இருந்திருக்க வேண்டும். "சுத்தமா இருக்கு" என்றார். கடைசியாக பிளக்கை எடுத்துக் காட்டினார். கன்னங்கரேல் என்று இருந்தது. பீங்கானில் சிவப்புப் புள்ளி இல்லை.

அது நான் மாட்டிய பிளக் இல்லை. ஸீட்டுக்கு அடியில் கிடந்த பழைய பிளக். வெள்ளையாக எரிந்ததை நீ கழற்றிவிட்டு இதைப் போட்டிருந்தாய். என் கைவேலை தெரியாதபடி செம்பு இழையையும் உருவி, டேங்கில் இருந்ததைக் கொட்டிவிட்டு வெறும் பெட்ரோலை ஊற்றியிருந்தாய். நான் நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"வண்டியில தப்பு இல்ல அண்ணாச்சி. ஓட்டுனவன் எண்ண ஊத்தல, அம்புட்டுதான்" என்றார் மெக்கானிக்.

முதலாளி அங்கேயே சொல்லிவிட்டார், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று. நீ "சரி அண்ணாச்சி" என்றாய்.

திரும்பி வரும் வழியில், சிற்றாற்றுப் பாலத்தில் உன் கையைப் பிடித்து நிறுத்தினேன். இப்போதே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். நீ சொன்னது ஒவ்வொரு எழுத்தும் எனக்கு நினைவிருக்கிறது.

"சொல்லி? உன்னையும் அனுப்பிருவாரு. ரெண்டு பேரும் வெளிய நின்னு என்ன செய்ய? நீ உள்ள இருந்தாத்தான்லே என்னைத் திரும்ப இழுக்க முடியும். இப்ப அவரு கோவத்துல இருக்காரு. சீசன் முடியட்டும். அப்பறம் நல்ல நேரமாப் பாத்துச் சொல்லு. அது வரைக்கும் தறியில ஓட்டிக்கிடுதேன்."

"சத்தியமா சொல்லுதேன் மாப்ளே" என்றேன். நீ சத்தியமெல்லாம் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

சீசன் முடிந்தது. குற்றாலத்துக் கொட்டகையைப் பூட்டினோம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, தென்காசிக்கு நான்தான் இனிமேல் தலைமை ஆபரேட்டர் என்றார். நல்ல நேரம் என்று நீ சொன்னது அதுதான். அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததே இல்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கும்பிட்டேன், வெளியே வந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம். தீபாவளிப் படம் முடியட்டும். பொங்கலும் வந்தது.

உன் இடத்துக்கு வேறு ஒருவனைப் போட்டார்கள். அவனுக்கு வண்டியை நான்தான் சரி பண்ணிக் கொடுத்தேன். இந்தத் தடவை அளந்து எண்ணெய் ஊற்றினேன், இருபது தடவை குலுக்கினேன், பிளக் பிஸ்கட் நிறத்துக்கு வரும் வரை ஸ்க்ரூவைப் பாதிப் பாதியாகத் திருப்பினேன். நீ செய்த மாதிரியே. அது எட்டு வருடம் ஓடியது.

பிறகு நாம் பார்த்துக்கொண்டோம், பேசினோம், சிரித்தோம். உன் மகள் கல்யாணத்தில் பந்தி பார்த்தேன். நீ ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உன் நெஞ்சு மட்டும் பேசிக்கொண்டே இருந்தது. தெருமுனையில் நீ வருவது உன் மூச்சுச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். முதலாளி இறந்த அன்று நான் அழுதேன். அந்த அழுகையில் பாதி, இனிமேல் சொல்வதற்கு ஆள் இல்லை என்ற நிம்மதி. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

கடைசியில் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு நீ படுத்திருந்தபோது, "அன்னைக்கு மேலகரத்துல..." என்று ஆரம்பித்தேன். நீ என் கை மேல் கை வைத்தாய். "ஒரு டீ வாங்கிட்டு வாலே" என்றாய். வாங்கிக்கொண்டு வந்தபோது தூங்கிவிட்டிருந்தாய். மறுநாள் காலையில் முடிந்துவிட்டது.

உங்கள் இஸ்லாமிய முறைப்படி, புருஷன் போனால் மனைவி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும், வெளி ஆண்களைப் பார்க்க மாட்டாள். அந்த நாட்களை நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். இந்த முறையாவது நழுவக் கூடாது என்று காலண்டரில் குறித்து வைத்திருந்தேன். நாள் முடிந்ததும், நேற்று போனேன். உன் மகள் நாற்காலி போட்டாள். உன் வீட்டுக்காரி கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செம்பு இழை, பாதி எண்ணெய், வெள்ளைப் பிளக், பாலத்தில் செய்த சத்தியம், தலைமை ஆபரேட்டர்.

அவள் தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "தெரியும்ண்ணே" என்றாள்.

"அன்னைக்கு ராவே சொல்லிட்டாவ. அந்தப் பிளக்க ஆத்துல வீசிட்டேன்னு சொல்லிச் சிரிச்சாவ. போறதுக்கு முந்துன நாளும் சொன்னாவ. அவன் ஒரு நாளு வந்து சொல்லுவான், நீ ஒண்ணும் பேசிராதே, டீ குடுத்து அனுப்புன்னு."

உன் மகள் டீ கொண்டுவந்து நீட்டினாள். என்னால் வாங்க முடியவில்லை. "திட்டு தங்கச்சி. நல்லா திட்டு" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"திட்ட மாட்டேன். அவிய பேச்ச நான் மீற மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க." அவள் என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துப் பேசினாள். "அந்த வருசம் சீசன் முடிஞ்சதுலருந்து, தெனம் தறியில இருந்து எந்திரிச்சதும் குளிச்சுட்டு, சலவைச் சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து உக்காந்திருவாவ. எங்கயும் போவ மாட்டாவ. என்னத்துக்கு இப்பிடி உக்காந்திருக்கியன்னு கேட்டா, கொட்டகையில இருந்து ஆளு வரும்னு சொல்லுவாவ. கார்த்திகை மழை புடிச்ச பொறவு ஒரு நாளு, எந்திரிச்சு வந்து சட்டையக் கழத்தி ஆணியில மாட்டுனாவ. அதுக்குப் பொறவு உக்காரவே இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். டீயைக் குடிக்கச் சொன்னாள். குடித்துவிட்டு வந்தேன்.

மாப்ளே, இத்தனை வருடமும் நான் சுமந்தது என்னுடைய பயத்தைத்தான். அதைக் குற்ற உணர்ச்சி என்று நானே பெயர் வைத்துக்கொண்டு, அதில் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டிருந்தேன். நேற்றிலிருந்து என்னோடு இருப்பது வேறு. குளித்துவிட்டு, சலவைச் சட்டையோடு, வாசலில் உட்கார்ந்து தெருமுனையைப் பார்க்கிற இருபத்தைந்து வயது நீ. அந்த மூன்று மாதமும் தினம் சாயங்காலம் நான் கொட்டகைக்குப் போக வேண்டிய வழி உன் தெருதான். உன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பின்தெரு வழியாகச் சுற்றிப் போனேன். இரண்டு தெருவுக்கும் நடுவே ஒரே ஒரு சந்து. அதன் வழியாக வந்திருந்தால் உன் வாசலுக்கு இருபது காலடி இருக்கும்.